அத்தானுக்கு கேக்க ஆள் இல்ல

நேத்து கேரள எல்லைல இருக்க புளியரை செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைல அத்தான் புலம்பித் தள்ளிட்டாரு. அவரு நம்மூரு போலீஸ், மலைக்கு அந்தப்பக்கம் கேரளா ஆரியங்காவுல இருக்கவருக்கும் அதே வேலைதான், ஆனா ஸ்கேல் வேற. இங்க ரெண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200ல ஆரம்பம், கேரளால 31,100. பாத்ததும் பகீர்னுச்சு.

ஆனா அப்படியே ஒப்பிடக் கூடாது மக்களே, அங்க 2021ல சம்பளத்தத் திருத்தி பழைய டிஏவ (அகவிலைப்படிய) அடிப்படைல சேத்துட்டாங்க, இங்க 2017 கணக்குதான் இன்னும் ஓடுது, அதுக்கு மேல 50 சதவீதம் தாண்டி டிஏ வருது, கூட்டிப் பாத்தா இடைவெளி நல்லாவே சுருங்கிரும்.

அத்தான் கடுப்பு காசுல மட்டும் இல்ல. அங்க 1979லருந்தே போலீஸ் சங்கம் இருக்கு, எலெக்சன் வச்சு ஆள எடுத்து கவர்மெண்ட்கிட்ட நேரா பேசுறாங்க. போலீஸ் உரிமைகளக் கட்டுப்படுத்துற 1966 மத்திய சட்டப்படி போலீஸ்காரன் அனுமதி இல்லாம சங்கம் சேர முடியாது, இங்க அந்த அனுமதியே கெடைக்கல. வாத்தியாருங்க சம்பளம் கேட்டு ரோட்டுல உக்காந்தா பந்தோபஸ்துக்கு நிக்கது இவரு, இவருக்குக் கேக்க யாரு? (வீட்ல அக்காதான் கேப்பா, அது வேற கேள்வி.)

"மனு எழுதி மேல அனுப்புனேம்ல, பதிலே வரல"ன்னாரு. அதுக்குள்ள வாக்கிடாக்கி கூப்ட்டுச்சு, டீய பாதில வச்சுட்டு ஓடிட்டாரு. காசு நான்தான் குடுத்தேன்.