நோக்கியா விண்டோஸுக்கு மாறினப்ப மண்டபத்துல நான்

2011 பிப்ரவரியில நான் ராமேஸ்வரத்துக்கு முன்னாடி இருக்கிற மண்டபம் ஊர்ல ஒரு மொபைல் கடையில சர்வீஸ் டேபிள்ல இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். கல்லாவுல ஓனர் அண்ணன், ரீசார்ஜும் மெமரி கார்டும் பாக்க ஒரு பையன், பின்னாடி டியூப் லைட்டுக்கு கீழ நான். டேபிள்ல ஹாட் ஏர், சால்டரிங் அயர்ன், போர்டு கழுவுற ஐ.பி.ஏ பாட்டில், ஒரு பழைய டூத் பிரஷ், அப்புறம் கடன் வாங்கி மதுரையில போய் எடுத்துட்டு வந்த, போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்துற பிளாஷிங் பாக்ஸ். நோக்கியா போர்டுதான் அப்ப எனக்கு சோறு போட்டுச்சு. செத்துக் கிடக்கிற போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்தி, ரெண்டு கை சேர்ற அந்த படம் திரையில வர்றப்ப, எதிர்ல நிக்கிற ஆளு முகம் மாறும் பாருங்க, அதுக்காகவே இந்த வேலையில ஒட்டிக்கிட்டேன்.

எங்க கரையில போன் கெடுறதே வேற மாதிரி. கீழ விழுந்து உடையுறது கம்மி, உப்புதான். கடலுக்கு போறவங்க பாலித்தீன் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொண்டு போவாங்க, ஆனாலும் கவருக்குள்ள வேர்த்து ஈரம் ஏறிரும், பேட்டரிய கழட்டினா பின்னு பூரா பச்சை பூத்துப் போயிருக்கும், சார்ஜிங் பக்கம் வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். அதை பிரஷ் போட்டு கழுவி எடுக்கணும். அந்த வகையில 2003ல வந்த நோக்கியா 1100 மாதிரி ஒரு போனை நான் பாத்ததில்ல. ஒரே ரப்பர்ல கீபேட், சாவிக்கு நடுவுல மண்ணு போக சந்து கிடையாது, தலையில டார்ச். விடியக்காலம் வலை தூக்கிட்டு போறவங்களுக்கு அந்த டார்ச்சே பெரிய விஷயம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்த போன் அது. அந்த கம்பெனியில யாரோ ஒருத்தர் எங்கள மாதிரி ஊருக்கு வந்து பாத்துட்டு போய்தான் அதை செஞ்சிருக்கணும்னு இப்பவும் நினைக்கிறேன்.

அப்பத்தான் அந்த செய்தி வந்துச்சு. 2011 பிப்ரவரி 11, லண்டன்ல ஸ்டீபன் எலாப்பும் மைக்ரோசாஃப்ட் ஸ்டீவ் பால்மரும் ஒரே மேடையில நின்னு, இனிமே நோக்கியா ஸ்மார்ட்போன்ல விண்டோஸ் போன்ங்கிற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்தான் ஓடும்னு அறிவிச்சாங்க. எலாப் அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, 2010 செப்டம்பர்லதான் மைக்ரோசாஃப்ட்ல இருந்து நோக்கியாவுக்கு தலைவரா வந்தவரு. அறிவிப்புக்கு சில நாள் முன்னாடி அவரு ஊழியர்களுக்கு எழுதின ஒரு கடிதம் வெளிய வந்துருச்சு, அதை நெட் சென்டர்ல உட்கார்ந்து டிக்‌ஷனரி வச்சு படிச்சேன். வட கடல்ல ஒரு எண்ணெய் மேடை, ராத்திரி வெடிச்சு தீப்பிடிக்குது, ஒருத்தன் விளிம்புக்கு ஓடி வர்றான், 30 மீட்டர் கீழ உறைய வைக்கிற தண்ணி, நின்னா எரிஞ்சு சாகணும், குதிக்கிறான். நம்ம கம்பெனியும் எரியிற மேடையில நிக்குதுன்னு அதுல எழுதியிருந்தாரு.

எனக்கு அந்த கதை மனசுல தச்சிருச்சு. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்த ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னேன், முப்பது வருஷம் கடல் பாத்த மனுஷன். முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "குதிச்சான் சரி தம்பி, பக்கத்துல எந்த போட்டு நின்னுச்சு?"

கடிதத்துல அந்த ஆளை காப்பாத்திட்டாங்கன்னு ஒரு வரி இருக்கு, அண்ணன்கிட்டயும் அதை சொன்னேன். "அப்ப போட்டு நின்னுருக்கு, அதை பாத்துட்டு குதிச்சிருக்கான். போட்டு இல்லாம குதிச்சா தீயில போகாத உசுரு தண்ணியில போகும், அம்புட்டுதான்" அப்படிண்டு சொல்லிட்டு ஹெட்செட்ட வாங்கிட்டு போயிட்டாரு. அதுக்கப்புறம் கடையில நடந்ததை எல்லாம் அந்த ஒரு கேள்விய வச்சுத்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன்.

ஏன்னா போட்டு அங்க நிக்கல. நோக்கியா ஸ்மார்ட்போன்ல அதுவரைக்கும் ஓடின சிம்பியன் சாஃப்ட்வேருக்கு பிப்ரவரியில முடிவு சொல்லிட்டாங்க, முதல் விண்டோஸ் நோக்கியாவை, லூமியா 800, 710, அக்டோபர் 26ஆம் தேதிதான் காட்டினாங்க, நம்ம ஊருக்கு வர நவம்பர் ஆயிருச்சு. இடையில ஒன்பது மாசம். அந்த ஒன்பது மாசமும் ஷோகேஸ்ல 5233, சி5-03, என்8னு சிம்பியன் போனா அடுக்கி இருக்கு. முடிவு சொன்ன கையோடயே இன்னும் 15 கோடி சிம்பியன் போன் விப்போம்னும் கம்பெனி சொல்லுச்சு. ஆனா முடியப் போகுதுன்னு கம்பெனியே சொன்ன பிறகு எந்த வீட்டுல காசு எடுத்து குடுப்பாங்க? கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பாதி வீட்டுல ஆளு துபாய்ல, சவூதியில இருக்காங்க, சேதி எங்களுக்கு முன்னாடியே அவங்களுக்கு தெரிஞ்சிரும். "அத வாங்காதண்டு மச்சான் போன்ல சொன்னான்"னு வந்து ஷோகேஸ பாத்துட்டு திரும்பிப் போனவங்க எத்தனை பேர்.

கணக்கும் அதைத்தான் காட்டுச்சு. 2011 முதல் மூணு மாசத்துல நோக்கியா உலகம் முழுக்க அனுப்பின ஸ்மார்ட்போன் 2 கோடியே 42 லட்சம், அடுத்த மூணு மாசத்துல 1 கோடியே 67 லட்சம். ஒரே காலாண்டுல முக்கால் கோடி குறைஞ்சிருச்சு.

எங்க கடைக்கு அது சரியா மீன்பிடி தடைக்காலத்துல வந்து இடிச்சுச்சு. அப்ப ஏப்ரல் 15ல இருந்து 45 நாள், விசைப்படகு எல்லாம் கரையில கிடக்கும், ஊர்ல காசு புழங்காது. அந்த நேரம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்கீம்னு சொல்லி இருபது பீஸ் ஓனர் அண்ணன் தலையில கட்டிட்டாரு, ரெண்டு மாசத்துல விலை இறங்குச்சு, இறங்கின வித்தியாசத்தை தர்றேன்னு வாயால சொன்னதோட சரி. அண்ணன் அந்த வருஷம் பொண்ணு கல்யாணத்துக்கு சேத்து வச்ச சீட்டுப் பணத்தை எடுத்து கட்டினாரு. என் சம்பளத்துல ஒரு ரூபா குறைக்கல. எங்கிட்ட எதுவும் சொல்லவும் இல்ல, சீட்டு பிடிக்கிற அக்கா சொல்லித்தான் எனக்கு தெரியும்.

எலாப் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டுக்கு போனா சாம்சங் கூட்டத்துல நாமளும் ஒரு ஆளாதான் நிப்போம்னு அவரு பயந்தாரு, அந்த பயம் பொய்யில்ல, பின்னாடி எத்தனை ஆண்ட்ராய்டு கம்பெனி வந்து காணாம போச்சுன்னு சர்வீஸ் டேபிள்ல உட்கார்ந்து நானே பாத்திருக்கேன். மைக்ரோசாஃப்ட் காலாண்டுக்கு 25 கோடி டாலர் குடுத்துச்சு. கையில இருந்த சிம்பியன் விரல் வச்சு தொடுற காலத்துக்கு பிறந்ததில்ல, அதுல மேல மேல ஒட்டு போட்டே ஓட்டினாங்க. மாறித்தான் ஆகணும். மாறினது தப்புன்னு நான் சொல்லல, எப்ப சொல்லி எப்படி மாறினாங்கங்கிறதுதான் எனக்கு ஆறல. அவங்க கையிலயே மீகோன்னு இன்னொரு சாஃப்ட்வேர் இருந்துச்சு, அதுல என்9னு ஒரு போன் 2011 ஜூன்ல காட்டினாங்க, முன்னாடி பட்டனே கிடையாது, ஓரத்துல இருந்து விரலை இழுத்தா போதும். பாத்தவங்க எல்லாம் கொண்டாடுனாங்க. அது வெளிய வர்றதுக்கு முன்னாடியே அந்த வழிய மூடியாச்சு.

இப்ப லூமியாவுக்கு வர்றேன். 800 முப்பதாயிரம் கிட்ட, 710 பத்தொன்பதாயிரம் கிட்ட. கையில எடுத்தா அவ்வளவு அழகு, வழவழன்னு, கட்டம் கட்டமா ஓடுற திரை. ஆனா எங்க ஊர்ல ஒரு போன் எப்படி வாழுதுன்னு யோசிச்சு பாருங்க. கடலுக்கு போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையில கூட்டம் கூடும், முப்பது ரூபாய்க்கு கார்டு நிறைய பாட்டு, பழைய பாட்டு ஒரு ஃபோல்டர், சாமி பாட்டு ஒரு ஃபோல்டர், ராத்திரி வலை விட்டுட்டு காத்துக்கிடக்கிறப்ப கேக்க. அங்க போட்டுல ஒருத்தன் கார்டுல இருக்கிறது ப்ளூடூத்ல அஞ்சு பேருக்கு போகும். அந்த முதல் லூமியா ரெண்டுலயும் மெமரி கார்டு போட இடம் கிடையாது. விண்டோஸ் போன் 7ல ப்ளூடூத் வழியா பாட்டு அனுப்புற வசதி கிடையாது. கம்ப்யூட்டர்ல சொருகினா பென் டிரைவ் மாதிரி திறக்காது, ஸூன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு அது வழியாத்தான் ஏத்தணும். சிம்மும் மைக்ரோ சிம், வெட்டிக் குடுக்கணும். சிப்பும் குவால்காம்ங்கிற கம்பெனிக்கு மாறினதால என் பிளாஷிங் பாக்ஸ்ல ஏறல, நாலு வருஷம் படிச்ச படிப்பு ஒரே நாள்ல பழசாச்சு.

பாம்பன்ல இருந்து ஒரு அண்ணன் 710 வாங்கினாரு. எங்க கடையில லூமியா வாங்கின மொத ஆளு அவருதான். பழைய 5233ல அவரு பொண்ணு குரல் ரிங்டோனா இருந்துச்சு, "அப்பா போன எடு, அப்பா போன எடு", நாலு வயசு, பின்னாடி காக்கா கத்துறதும் அலைச் சத்தமும் கேக்கும். மறுநாள் காலையிலயே வந்துட்டாரு, "தம்பி, பாட்டு இல்லாட்டி பரவாயில்ல, பாப்பா குரல் மட்டும் வரணும்." அந்த போன்ல நாமளே ரிங்டோன் வைக்கணும்னா 40 செகண்டுக்குள்ள, 1 எம்.பி.க்குள்ள இருக்கணும், ஸூன்ல ஏத்துறப்ப பாட்டு வகைங்கிற இடத்துல ரிங்டோன்னு டைப் பண்ணியிருக்கணும். இதெல்லாம் அன்னைக்கு எனக்கு தெரியாது. கடை கம்ப்யூட்டர்ல ஸூன் டவுன்லோடு ஆகவே மதியம் வரைக்கும் ஆச்சு, நடுவுல கரண்ட் வேற போச்சு. அவரு ஸ்டூல்ல உட்கார்ந்தே இருந்தாரு, டீ வாங்கிக் குடுத்தாரு, ஒரு வார்த்தை கோவமா பேசல. குரலை தனியா வெட்டி எடுத்தேன், 12 செகண்ட். ஏறினதும் ஓனர் அண்ணன் போன்ல இருந்து கூப்பிட்டோம். அந்த பெரிய திரை ஒளிர்ந்து பாப்பா கூப்பிட்டுச்சு. அவரு எடுக்கல, கட் ஆகுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு.

அந்த ஃபைலை நான் ஒரு கார்டுல தனியா எடுத்து வச்சேன். இன்னொரு போன் மாத்தினா மறுபடி வருவாருன்னு தெரியும்.

2012 ஜூன்ல விண்டோஸ் போன் 8 அறிவிச்சாங்க, ஏற்கனவே வாங்கின லூமியாவுக்கு அது வராது, 7.8னு ஒரு சின்ன அப்டேட்தான்னு. லூமியா 900 வந்து அப்ப மூணு மாசம் கூட ஆகல. ஒன்றரை வருஷத்துல ரெண்டாவது தடவை குதிக்க சொன்னாங்க. எட்டுல ப்ளூடூத்ல பாட்டு அனுப்புற வசதி வந்துச்சு, 2013ல பத்தாயிரம் சொச்சத்துக்கு வந்த லூமியா 520ல கார்டு போட இடமும் வந்துச்சு, உண்மையிலேயே நல்ல போன், நானே மனசார சொல்லி வித்தேன். அதே போன் 2011ல வந்திருந்தா கதை வேறன்னு இப்பவும் நம்புறேன். ஆனா அதுக்குள்ள கடலுக்கு போற பையன் கையில எல்லாம் கேலக்ஸியும் மைக்ரோமேக்ஸும் ஏறியாச்சு.

2014 ஏப்ரல் 25ல போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்கு போச்சு. வரிப் பிரச்சனையில முடங்கின ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி மட்டும் அதுல சேரல, 2014 நவம்பர் 1ஓட அங்க வேலை நின்னுச்சு. எங்க தெருவுல ஒரு தங்கச்சி அங்க லைன்ல வேலை பாத்தவ. லீவுக்கு வர்றப்ப கடைக்கு வந்து, சர்வீஸுக்கு கிடக்கிற போன்ல பேட்டரிய கழட்டி ஸ்டிக்கர்ல மேட் இன் இந்தியான்னு இருக்கான்னு பாப்பா. இருந்தா, "இது எங்க கையில ஓடின செட்டுண்ணே"ம்பா.

பாம்பன் அண்ணன் அதுக்கப்புறம் மூணு போன் மாத்திட்டாரு, மூணும் ஆண்ட்ராய்டு. போன வருஷம் போனை கடல்ல விட்டுட்டு புதுசோட வந்தாரு. பாப்பா இப்ப ராமநாதபுரத்துல காலேஜ் படிக்குது, அதுவும் கூட வந்திருந்துச்சு. டிராயர்ல இருந்து அந்த கார்டை எடுத்து ரீடர்ல போட்டேன். அலைச் சத்தம், காக்கா, "அப்பா போன எடு." பாப்பா வெக்கப்பட்டு, "இன்னுமாப்பா இதை வச்சிருக்கீங்க"ன்னு கேட்டுச்சு. அண்ணன் பதில் சொல்லல, "ஏத்து தம்பி"ன்னாரு.

ரெண்டு நிமிஷம் கூட ஆகல.