கனடாவில் இருந்து வந்த சி.பி.டி. போத்தல்

எங்கள் சொந்தத்துக்குள் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், அந்தக் கிழமைக்குள்ளேயே கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் சி.பி.டி. எண்ணெய் பற்றிச் சொல்லிவிடுவார். வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற கடும் புற்றுநோய் என்று பயொப்ஸி முடிவு வந்தபோதும் அதுதான் நடந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள் வைத்து ஒரு போத்தலே அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு மனிசன் வேறு என்ன செய்வார்? ஆனால் இந்த எண்ணெயை டொக்டருக்குத் தெரியாமல் கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும், எங்கள் சித்தியும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சி.பி.டி. என்ற கன்னபிடியோல் கஞ்சாச் செடியில் இருக்கும் ஒரு பொருள். போதை தருவது அது இல்லை, போதைக்குக் காரணம் டி.எச்.சி. என்ற இன்னொன்று. ஆய்வுகூடத்தில் கிளியோமா (கிளியோபிளாஸ்டோமா சேர்ந்த மூளைக் கட்டி வகை) செல்களின் மேல் சி.பி.டி.யை விட்டால் அவை வளர்வது குறைகிறது, சில செத்தும் போகின்றன. எலிகளிலும் கட்டி வளரும் வேகம் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆக இது வெறும் வட்ஸ்அப் கதை இல்லை, ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம். ஆனால் ஆய்வுகூடத் தட்டில் நடந்தது மனுசருடைய மூளைக்குள்ளும் நடக்கும் என்று சொல்ல முடியாது. அப்படித் தட்டில் வென்று மனுசரில் தோற்ற மருந்துகள் எத்தனையோ.

மனுசரில் செய்ததில் எல்லாரும் காட்டுவது 2021இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு. கிளியோபிளாஸ்டோமா திரும்பி வந்த 21 பேரில் 12 பேருக்கு டெமோசோலோமைட் என்ற புற்றுநோய்க் குளிசையோடு சட்டிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரேயும், மற்ற 9 பேருக்கு அதே குளிசையோடு வெற்று ஸ்பிரேயும் கொடுத்தார்கள். ஒரு வருசத்துக்குப் பிறகு ஸ்பிரே எடுத்தவர்களில் 83 சதவீதமும் மற்றவர்களில் 44 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். இதை முதல்முறை வாசித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. அப்புறம் மிச்சத்தையும் வாசித்தேன். ஆறு மாதத்தில் கட்டி வளராமல் இருந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், 33 சதவீதம். அந்த ஆய்வு முக்கியமாகப் பாதுகாப்பைப் பார்க்கச் செய்யப்பட்டது, 21 பேரை வைத்து ஆயுள் கூடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், செய்தவர்களே சொல்லவில்லை. பெரிய அளவில் பார்க்கத்தான் அரிஸ்டோகிராட் என்ற அடுத்த கட்ட ஆய்வைப் பிரித்தானியாவில் தொடங்கினார்கள்.

இதில் எங்கள் ஆட்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சட்டிவெக்ஸ் தனி சி.பி.டி. இல்லை. ஒவ்வொரு ஸ்பிரேயிலும் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி.யும் 2.5 மில்லிகிராம் சி.பி.டி.யும் இருக்கின்றன. மச்சான் அனுப்பியதோ சி.பி.டி. மட்டும் உள்ளது. அந்த ஆய்வைக் காட்டி இந்தப் போத்தலைக் கொடுப்பது எப்படிச் சரி?

போத்தலை மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். லேபிளில் 30 மில்லிலீட்டர், மொத்தம் 1000 மில்லிகிராம். துளிசொட்டி ஒருமுறை நிறைய எடுத்தால் ஒரு மில்லிலீட்டர், அதாவது கிட்டத்தட்ட 33 மில்லிகிராம். 2018இல் அமெரிக்காவில் சிறுவர்களின் கடும் வலிப்பு நோய்களுக்கு அனுமதி கிடைத்த எபிடியோலெக்ஸ் (அது சி.பி.டி.யை நல்லெண்ணெயில் கரைத்த மருந்துதான்) உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்குக் கொடுக்கப்படுகிறது. சித்தப்பா 60 கிலோ. அந்தக் கணக்கில் முழுப் போத்தலும் இரண்டு நாளுக்குக்கூடக் காணாது. லேபிளும் உண்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. 2017இல் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைப் பரிசோதித்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் எழுதிய அளவு இருந்தது, 18இல் டி.எச்.சி.யும் இருந்தது.

சரி, குறைந்த அளவு என்றால் கெடுதலும் இல்லைத்தானே என்று சித்தி கேட்டார். குறைந்த அளவில் எப்படி என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் அளவைக் கூட்டினால் பிரச்சினை தெளிவாகவே இருக்கிறது. சித்தப்பாவுக்கு வலிப்பு வருவதால் சோடியம் வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதியிருக்கிறார்கள். வல்ப்ரோயேட்டோடு சி.பி.டி. சேர்ந்தால் ஈரல் நொதிகள் ஏறும் ஆபத்து கூடும் (ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளம் அது), இது எபிடியோலெக்ஸ் ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுப்பவர் என்றால் அது உடம்பில் சேர்ந்து கடும் தூக்கம் வரலாம். மூளைக் கட்டி உள்ளவர் திடீரென்று தூங்கி வழிந்தால், வீட்டில் இருப்பவர்கள் கட்டி வளர்ந்துவிட்டது என்று பதறுவார்கள், டொக்டரும் காரணம் தெரியாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார். சித்தப்பா எடுக்கும் டெமோசோலோமைட்டும் தன் பங்குக்கு ஈரலைத் தாக்கக்கூடியது. எண்ணெய் கொடுப்பது தெரியாவிட்டால், ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருப்பதைக் கண்டவுடன் அவர்கள் முதலில் நிறுத்துவது அந்தக் குளிசையைத்தான். 2005இல் இருந்து இந்த நோயில் ஆயுளைக் கூட்டும் என்று பெரிய ஆய்வில் நிரூபித்த மருந்து அது. கதிர்ச்சிகிச்சையோடு அதைச் சேர்த்தபோது இரண்டு வருசம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்தில் இருந்து 26.5 சதவீதமானார்கள். நிரூபிக்காத ஒன்றுக்காக இதை இழக்க எனக்கு மனம் இல்லை.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோனோம். டொக்டர் ஏசுவார் என்று சித்தி கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார், நான்தான் எடுத்து மேசையில் வைத்தேன். டொக்டர் ஏசவில்லை. லேபிளை இரண்டு பக்கமும் திருப்பி வாசித்தார், கொப்பியில் வல்ப்ரோயேட்டின் கீழே கோடு போட்டார், "இதுவரைக்கும் கொடுத்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றதும், கட்டிக்கு இது வேலை செய்யும் என்று சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை, இந்தக் குளிசைகளோடு வேண்டாம் என்றார். எதற்காகக் கொடுக்க நினைத்தீர்கள் என்றும் கேட்டார். வாந்தியும் நித்திரையின்மையும் என்று சித்தி சொன்னவுடன் அவற்றுக்குத் தனியாக மருந்து எழுதித் தந்தார். சித்தி அதுவரை அவற்றைப் பற்றி டொக்டரிடம் வாய் திறந்ததே இல்லை! (பிரிஸ்பேனில் முற்றிய புற்றுநோயாளிகளுக்கு சி.பி.டி. எண்ணெய் கொடுத்துப் பார்த்த 2022 ஆய்விலும், வழமையான வலிதணிப்புப் பராமரிப்பை விட அது உபாதைகளைக் கூடுதலாகக் குறைக்கவில்லை.)

சட்டத்தையும் யோசிக்க வேண்டும். இலங்கையில் ஆயுர்வேத மருந்துக்கென்று கஞ்சாவுக்கு விதிவிலக்கு உண்டு, மற்றப்படி அது அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபட்டால் மாட்டுவது பெட்டி கொண்டுவரும் அந்த அப்பாவிதான்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமார், அக்காமார், அனுப்புவதற்கு முன் ஒரு கோல் எடுத்து, நோயாளி என்னென்ன குளிசை எடுக்கிறார் என்று கேளுங்கள், அந்தப் பெயர்களை உங்கள் ஊர் ஃபார்மசியில் காட்டி சி.பி.டி.யோடு ஒத்துப்போகுமா என்று விசாரியுங்கள். உதவத்தான் வேண்டும் என்றால் சித்தியிடம் என்ன தேவை என்று கேட்டுப் பாருங்கள். கதிர்ச்சிகிச்சை முடியும்வரை கிழமையில் ஐந்து நாளும் மகரகமவுக்குப் போய்வர ஒரு வாகனம், இரவில் இரண்டு மணித்தியாலம் சித்தப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அவர் என்னிடம் சொன்னது இவை இரண்டும்தான்.