கார் நிகோபார் ரோந்துக் கப்பல்: 1:50 மாதிரி குளத்தில் ஓடும் வரை

எந்த அளவில் கட்டுவது என்பதை எடைதான் முடிவு செய்தது. இந்தியக் கடற்படையின் கார் நிகோபார் வகைக் கப்பல்கள் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. நீளம் 49 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 7.5 மீட்டர், எடை ஏறத்தாழ 325 டன். அதை 1:100 அளவில் கட்டினால் மாதிரியின் மொத்த எடை 325 கிராமைத் தாண்டக் கூடாது; தாண்டினால் நீர்மட்டக் கோடு மூழ்கிவிடும். மோட்டாரும் பேட்டரியும் வைத்தாலே கணக்கு முடிந்துவிடும். 1:50 என்றால் 98 செ.மீ. நீளமும் 2.6 கிலோ எடையும் கிடைக்கின்றன. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. இதில்தான் வேலை செய்ய இடம் இருந்தது.

இந்த வகையில் 10 கப்பல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தீவுகளின் பெயர்கள். முதல் கப்பலான ஐ.என்.எஸ். கார் நிகோபார் 2009 பிப்ரவரியில் சென்னையில் பணியில் சேர்ந்தது. நான் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டேன். 2004 சுனாமியில் கார் நிகோபார் தீவு பட்ட பாடு நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உடற்பகுதிக்கு 3 மி.மீ. பிளைவுட்டில் குறுக்குச் சட்டங்கள் வெட்டி, இடைவெளிகளில் தெர்மாகோல் நிரப்பித் தேய்த்தேன். பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் மேலே பழுப்பு நிற பேக்கிங் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டினேன். அதன் மீது பைபர் மேட், அதாவது கண்ணாடியிழை விரிப்பு. அக்கரைப்பேட்டையில் பைபர் படகு பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அருகில் நின்று சொல்லிக் கொடுத்தார். “தம்பி, ரெசினை ஊற்றிக்கொண்டே போனால் பலம் வராது, எடைதான் வரும். உருளையால் அழுத்தி மிச்சத்தை வெளியே தள்ளு.” அவர் சொன்னபடி செய்ததில், உள்ளே இருந்த தெர்மாகோலைச் சுரண்டி எடுத்த பிறகு ஓடு 760 கிராமில் நின்றது.

மேற்கட்டுமானம் நெட்டியில். தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களும் மாலைகளும் செய்கிறார்களே, அதே நெட்டி. கூர்மையான பிளேடில் சீவினால் மூலைகள் கத்தரித்தது போல நிற்கும். எடை இல்லவே இல்லை என்று சொல்லலாம். மாலுமி அறையும் கொடிக்கம்பமும் கனமாக இருந்தால் திருப்பத்தில் கப்பல் சாய்ந்துவிடும். நெட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் மெல்லிய எபாக்சி பூச்சு மட்டும் கொடுத்தேன். முன்தளத்து 30 மி.மீ. பீரங்கியின் குழலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 18 கேஜ் ஊசி சரியாகப் பொருந்தியது.

இனி வாட்டர்ஜெட்: அடியிலிருந்து தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளும் பம்பு. இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். மூன்று டீசல் இன்ஜின்கள் மூன்று வாட்டர்ஜெட்டுகளைச் சுழற்றுகின்றன. அடிப்பகுதிக்குக் கீழே தொங்கும் விசிறி கிடையாது. கோடியக்கரைக்கு அப்பால் விரியும் பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த கடலில் வேகமாகப் போக இந்த அமைப்பு எவ்வளவு உதவும் என்பது கையால் கட்டிப் பார்த்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது. மாதிரியில் இரண்டு பக்க ஜெட்டுகள் இயங்கும். நடுவில் உள்ளது தோற்றத்துக்கு மட்டும்.

முதல் ஓட்டத்தில் மோட்டார் கீச்சிட்டது, கப்பல் அசையவில்லை. பின்பகுதி உயரமாக மிதந்ததால் ஜெட்டின் வாய் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நிற்கும்போதே பம்பின் பாதியாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தினேன். நகர்த்த நகர்த்தப் பிடிப்பு வந்தது; ஓர் எல்லைக்கு மேல் மூக்கு தூக்கிக்கொண்டு துள்ள ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் இடம். அங்கே வெல்க்ரோ ஒட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் குளம் காட்டியது. இதில் சுக்கான் இல்லை. வெளியேறும் நீர்த்தாரையைத் திருப்பித்தான் கப்பலைத் திருப்ப வேண்டும். எனவே விசையை முழுதாகக் குறைத்துவிட்டுத் திருப்ப முயன்றால் நேராகவே போகும். கரையை நெருங்கும்போது வேகத்தைக் கூட்டித் திருப்ப வேண்டும் என்பதற்கு விரல்கள் பழக நேரம் எடுத்தது.

வேகத்தை அளக்க, படித்துறையிலிருந்து கரையோரம் 25 மீட்டருக்குக் கயிறு கட்டினேன். உண்மைக் கப்பலின் உச்ச வேகம் மணிக்கு 35 கடல் மைல் என்று எடுத்துக்கொண்டால், 1:50 மாதிரிக்குப் பொருந்தும் வேகத்தைக் காண அதை 50-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்; அப்போதுதான் அலைகள் உண்மைக் கப்பலில் போலவே அமையும். வினாடிக்கு இரண்டரை மீட்டர் வரும். அதாவது 10 வினாடியில் கயிற்றின் மறுமுனை. என் மாதிரி 12 வினாடி எடுத்தது. உண்மை அளவில் அது ஏறத்தாழ 29 கடல் மைல். அலை பிரிந்து செல்லும் விதம் மட்டும் புகைப்படங்களில் பார்த்தபடியே இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்து போனேன்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு வாய்க்கால் வழியே குளத்துக்குள் ஆகாயத்தாமரை வந்துவிட்டது. அதன் வேர்நார்கள் ஜெட் வாயில் சுற்றிக்கொள்கின்றன. பித்தளைக் கம்பியில் சல்லடை ஒன்று பற்றவைத்திருக்கிறேன். கம்பிகளை நெருக்கினால் தண்ணீர் வரத்துக் குறைகிறது, அகட்டினால் நார் நுழைகிறது. இப்போது 4 மி.மீ. இடைவெளியில் சோதனை நடக்கிறது. அது முடிந்ததும் பின்னோக்கிச் செல்வதற்காக நீர்த்தாரையை முன்பக்கம் திருப்பும் கவிழ்மூடியும் சாம்பல் நிறப் பூச்சும் பாக்கி. பூச்சுக்கு ஒதுக்கியிருக்கும் எடை 170 கிராம்.