ஏறுமாங்க?

ஏற்காடு அடிவாரம் டீக்கடை வாசல்ல இன்னைக்கு ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர். சுத்தி நாலு பேர்.

"ஏண்ணா, இது மேல ஏறுமாங்க? பாதியில நின்னுடாதா?"

நியாயமான சந்தேகம்தான். கணக்கே போட்டுடலாம்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1200 மீட்டர். வண்டியும் ரெண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோன்னு வைங்க. அதை மேல தூக்க மட்டுமே 0.8 யூனிட். மோட்டார் இழப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தா ஒன்றரை யூனிட். 3 யூனிட் பேட்டரின்னா பாதி காலி.

ஆக, ஏறும்.

தொல்லை குடுக்கிறது சார்ஜ் இல்ல, சூடு. 20 கொண்டை ஊசி வளைவுலயும் முழுசா முறுக்கினா மோட்டாரும் கன்ட்ரோலரும் கொதிச்சு, வண்டி தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். நிழல்ல கொஞ்ச நேரம் நிறுத்துங்க, ஆறிடும்.

யாரும் கேக்காதது இறக்கம். மேல 100 சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு இறங்காதீங்க. இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு கரண்ட் உண்டாக்கும், அதுதான் ரீஜென். நிறைஞ்ச பேட்டரியில அந்தக் கரண்ட் போக இடமிருக்காது, மொத்தப் பாரமும் பிரேக் மேல விழும். 80-லயே பிளக்கைப் பிடுங்கிடுங்க.

பெட்ரோல் மிச்சம்னு பைக்கை நியூட்ரல்ல இறக்குற ஆளுங்கதான் இந்த வண்டியைப் பார்த்துப் பயப்படுறாங்க!