வானொலிக் கப்பல்களின் ஒலியை நாடாவிலிருந்து மீட்ட அனுபவம்

1960களில் இங்கிலாந்தின் கரைக்கு அப்பால், கப்பல்களிலிருந்தும் போர்க்காலத்தில் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட கடற்கோட்டைகளிலிருந்தும் நாள் முழுவதும் பாட்டு ஒலிபரப்பிய பைரேட் (உரிமம் பெறாத) வானொலி நிலையங்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவை உண்மையில் எப்படி ஒலித்தன என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி, அந்த நிலையங்கள் பாதுகாத்து வைத்தவை அல்ல. வீட்டில் வானொலிப் பெட்டியின் அருகே டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த நேயர்கள், தங்கள் விருப்பத்துக்குப் பதிவு செய்துகொண்டவையே அவை. அத்தகைய ஒருவரின் நாடாக்கள் என் பொறுப்பில் வந்து, அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி, நாள் கண்டறிந்து, ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது வரையிலான அனுபவத்தை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிபிசி அந்நாளில் இசைத்தட்டுகளை எவ்வளவு நேரம் ஒலிக்கச் செய்யலாம் என்பதற்கு ஒப்பந்த வரம்பு இருந்தது. இளைஞர்கள் கேட்க விரும்பிய பாட்டு மாலைக்கு மேல் லக்சம்பர்க் வானொலியில், அதுவும் ஏறி இறங்கும் ஒலியில்தான் கிடைத்தது. ரோனன் ஓ'ரஹிலி என்ற அயர்லாந்துக்காரர் ஒரு பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை ஃபெலிக்ஸ்டோவுக்கு அப்பால், பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே நிறுத்தி, 1964 மார்ச் 28 அன்று ரேடியோ கரோலைனைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, முன்பு அமெரிக்கக் கடற்படையில் இருந்த கேலக்ஸி என்ற கப்பலிலிருந்து ரேடியோ லண்டன் வந்தது. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்த கடல்சார் ஒலிபரப்புக் குற்றங்கள் சட்டம், இந்த நிலையங்களில் பணியாற்றுவதையும், அவற்றுக்குப் பொருள் வழங்குவதையும், விளம்பரம் தருவதையும் பிரிட்டிஷ் குடிமக்களுக்குக் குற்றமாக்கியது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். என்னிடம் வந்த பெட்டிகளில் இருந்ததும் அந்தக் காலம்தான்.

நான் வசிப்பது எசெக்ஸ் கடற்கரையில். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழிலாக இருந்ததால், பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஒரு முதியவர், வீட்டைக் காலி செய்து மகளுடன் குடியேறும் முன், தம் சிறு வயது நாடாக்களை என்னிடம் கொடுத்து, "இவற்றைக் கேட்க முடியுமா என்று பாருங்கள்" என்றார். அவை ஐந்தே முக்கால் அங்குலச் சுருள்கள். அவர் வீட்டில் அன்று இருந்தது கிரண்டிக் ரெக்கார்டர். பெட்டிகளின் மேல் பாட்டுகளின் பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. தேதி ஒன்றில்கூட இல்லை.

முதல் வேலை நாடா எந்தப் பொருளால் ஆனது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் எந்தச் சுருளையும் கருவியில் ஏற்றக் கூடாது. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அசிடேட் நாடாவாக இருந்தால் பக்கவாட்டில் ஒளி ஊடுருவித் தெரியும். பாலியெஸ்டராக இருந்தால் இருண்டிருக்கும். அசிடேட் நாடா காலப்போக்கில் வளைந்து, நொறுங்கும் தன்மை பெற்று, முற்றிய நிலையில் வினிகர் நாற்றம் அடிக்கும். ஆனால் அறுந்தால் நேராக, சுத்தமாக அறுவதால் ஒட்டிவிடலாம்; பாலியெஸ்டரோ இழுபட்டு நீண்டுவிடும், அந்த இடத்தில் ஒலி திரும்பாது. பழைய நாடா என்றாலே அடுப்பில் மிதமான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த முறை, பின்னாளில் வந்த சில வகை நாடாக்களின் பசைக் கோளாறுக்கு உரியது. அசிடேட்டுக்கு அதைச் செய்தால் நாடாவையே இழக்க நேரும். வேகமாகச் சுற்றுவதையும் நான் தவிர்த்தேன். நாடாவை ஓடும் வேகத்திலேயே கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றாமல் அப்படியே பெட்டியில் வைப்பதுதான் நல்லது. பழைய ஒட்டுகள் எல்லாம் காய்ந்து கழன்றன. ஒவ்வொன்றையும் புதிதாக ஒட்ட வேண்டியிருந்தது.

ஓட்டுவதற்குப் பயன்படுத்தியது, நான்கு தட நாடாக்களைப் படிக்கும் ஒலித்தலை பொருத்திய ரெவாக்ஸ் ஏ77 என்ற டேப் ரெக்கார்டர். இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நாளைய வீட்டு ரெக்கார்டர்களில், நாடாவின் அகலத்தை இரண்டாகப் பிரித்துப் பதிபவையும் நான்காகப் பிரித்துப் பதிபவையும் இருந்தன. என் கருவி ஒரே நேரத்தில் முதல் தடத்தையும் மூன்றாம் தடத்தையும் படிக்கும். இடது பக்கத்தில் பேச்சு நேராகவும் வலது பக்கத்தில் பின்னோக்கியும் கேட்டால், அது இரண்டு தடப் பதிவு என்று பொருள். இரண்டு பக்கமும் நேராக, ஆனால் இரு வேறு நிகழ்ச்சிகள் கேட்டால் அது நான்கு தடம். நான்கு தட நாடாவை இரண்டு முறை ஓட்டினால், நான்கு தடங்களும் கணினிக்கு வந்துவிடும். நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் 1,200 அடி நாடா ஒரு தடத்துக்கு 64 நிமிடம் ஓடும் என்பதால், கையளவுப் பெட்டி ஒன்றில் நான்கு மணி நேரத்துக்கும் மேலான ஒலிபரப்பு இருக்கக்கூடும். பையன்கள் அந்த நான்கு தடங்களையும் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தினார்கள்; ஒரு தடத்தின் நடுவில் 1965 முடிந்து 1967 தொடங்குவதை நான் பலமுறை கண்டேன்.

ஒவ்வொரு சுருளுக்கும் ஒலித்தலையின் சாய்வைத் திருகாணியால் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் பதிந்த கருவியின் தலை என் கருவியின் தலையைப் போலவே நின்றிருக்காது. மீடியம் வேவ் ஒலியில் உச்ச அதிர்வுகள் குறைவு என்பதால் இதற்கு இசையை நம்ப முடியவில்லை. அறிவிப்பாளரின் 'ஸ' ஒலியும், வானொலியோடு சேர்ந்து பதிவாகிய இரைச்சலும் எந்த நிலையில் மிகக் கூர்மையாகக் கேட்கின்றன என்று காதால் பார்த்தேன். கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சேமித்தேன். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ் என்கிறது, ஆனால் இரண்டாம் முறை ஓட்டினால் தாங்குமா என்று தெரியாத நாடாவில் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை. இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் தொடவே இல்லை. அதற்குக் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

வேகம் இன்னொரு சிக்கல். பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பதிவில் மெல்லிய முனகலாகக் கலந்திருக்கும் அந்த அதிர்வை அளந்து, அது 49 என்று காட்டினால் அந்த விகிதத்தில் வேகத்தைக் கூட்டலாம். பாட்டின் சுருதியை வைத்துத் திருத்துவதை நான் விரும்பவில்லை. அலையில் ஆடும் கப்பலில் இசைத்தட்டு சரியான வேகத்தில்தான் சுழன்றது என்று யாரும் உறுதி தர முடியாது. இதைவிட நம்பகமான அளவுகோல் அறிவிப்பாளர்களே தந்தது. இந்த நிலையங்கள் அடிக்கடி நேரம் சொல்லும் வழக்கமுடையவை. நாலேகால் என்ற அறிவிப்புக்கும் நாலரை என்ற அறிவிப்புக்கும் இடையே நாடா நிறுத்தப்படாமல் ஓடியிருந்தால், அந்த இடைவெளி பதினைந்து நிமிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

கருவி வேலை இவ்வளவுதான். பொறுமையுள்ள எவரும் செய்யலாம். உண்மையான உழைப்பு, தேதி தெரியாத பதிவுக்குத் தேதி காண்பதில்தான் இருந்தது. நிலையம் தன் அலைநீளத்தைச் சொல்லும் விதம் முதல் அடையாளம். கரோலைன் தொடங்கிய சில மாதங்களிலேயே வடபகுதி, தென்பகுதி என இரண்டு கப்பல்களிலிருந்து ஒலிபரப்பியது. தென்பகுதிக் கரோலைனின் கப்பலான மி அமிகோ 1966 ஜனவரி 20 அன்று புயலில் ஃபிரின்டன் கரையில் ஏறிப் பழுதடைந்தது. பழுது நீக்கித் திரும்பி, அவ்வசந்தத்தில் புதிய, வலுவான ஒலிபரப்பியுடன் வந்தபோது, அதுவரை 199 மீட்டர் என்று சொல்லி வந்தவர்கள் 259 என்று சொல்லத் தொடங்கினார்கள். உண்மையான அலைநீளம் 253 மீட்டருக்கு அருகில். 266இல் இருந்த ரேடியோ லண்டனுக்குப் பக்கத்தில் இருப்பதாக நேயர்கள் எண்ண வேண்டும் என்பதும், நிலையத்தின் பெயரோடு எதுகையாக ('நைன்', 'கரோலைன்') ஒலிக்க வேண்டும் என்பதும் நோக்கம். ஆகவே 199 என்று கேட்டால் அதற்கு முன். 259 என்றால் பின். 'கரோலைன் இன்டர்நேஷனல்' என்று கேட்டால் சட்டம் வந்த பிறகு, அதாவது 1967 ஆகஸ்ட் நடுவிலிருந்து, கடனுக்காக இரண்டு கப்பல்களும் இழுத்துச் செல்லப்பட்ட 1968 மார்ச் 3க்குள்.

அறிவிப்பாளர்களின் வருகையும் விலகலும் இரண்டாம் அடையாளம். கென்னி எவரெட், நிலையத்துக்குப் பணம் கொடுத்து ஒலிபரப்பான ஒரு மத நிகழ்ச்சியைக் கேலி செய்ததற்காக 1965 இறுதியில் ரேடியோ லண்டனிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டு திரும்பினார். டோனி பிளாக்பர்ன் 1966இல் கரோலைனிலிருந்து லண்டனுக்கு மாறினார். செய்தித் துணுக்குகள் கிடைத்தால் கொண்டாட்டம்தான். எண்ணெய்க் கப்பலான டோரி கேன்யன் பாறையில் மோதியது 1967 மார்ச் 18. அதன் எண்ணெயை எரிக்க விமானங்கள் குண்டு வீசுவதைப் பற்றிய இரண்டு வாக்கியங்கள் ஒரு முழுத் தடத்தையும் மார்ச் மாதக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தின.

மூன்றாவது அடையாளம் இரைச்சல். மீடியம் வேவ் பகலில் நிலத்தையும் கடலையும் ஒட்டிச் செல்லும்; பொழுது சாய்ந்தபின் வானத்தில் எதிரொலித்துத் தொலைவிலுள்ள ஐரோப்பிய நிலையங்கள் வந்து கலக்கும், ஒலி அலைபோல் ஏறி இறங்கும், இரு அலைவரிசைகள் மோதி ஒரு விசில் கேட்கும். அறிவிப்பாளர் ஐந்து மணி என்று சொல்லும்போதே அந்த ஏற்ற இறக்கம் தொடங்கியிருந்தால் அது குளிர்காலம். ஒன்பது மணிக்கும் ஒலி தெளிவாக இருந்தால் கோடை. சுத்தப்படுத்தும் மென்பொருள் முதலில் அழிப்பது இந்தச் சான்றைத்தான். ஒலிவாங்கியை வானொலிப் பெட்டியின் முன் வைத்துப் பதிந்த சுருள்களில், அறைக்குள் தேநீர்க் கோப்பைகள் மோதும் ஒலியும், சாப்பிட வரச் சொல்லும் தாயின் குரலும் கேட்கின்றன. அவற்றையும் நான் விட்டுவைத்தேன்.

இத்தனை மணி நேரத்தைக் கேட்டபின் எனக்கு உறுதியானது ஒன்று உண்டு: இந்தப் பதிவுகள் ஒலிபரப்பைப் பதிவு செய்யவில்லை, பதிந்தவரின் விருப்பத்தைத்தான் பதிவு செய்திருக்கின்றன. நாடா விலை உயர்ந்த பொருள். ஆகவே பையன் பிடித்த பாட்டு வந்ததும் பொத்தானை அழுத்தினான், விளம்பரம் வந்ததும் நிறுத்தினான். மாலையில் அரை மணி நேரம் ஓடிய, நிலையத்துக்குப் பெரும் வருவாய் தந்த அந்த மதப் பிரசங்கம் ஒரு சுருளிலும் முழுமையாக இல்லை. கரோலைனின் பொறுப்பில் ஃபிலிப் சாலமன் பங்கேற்ற பிறகு, அவருடைய மேஜர் மைனர் நிறுவனத்தின் இசைத்தட்டுகள் கட்டாயமாகத் திரும்பத் திரும்ப ஒலித்தன. நேயர்களின் நாடாக்களைக் கேட்டால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மாறாக, ரேடியோ லண்டன் 1967 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூடியதை, அக்காலத்தில் ரெக்கார்டர் வைத்திருந்த எல்லோருமே பதிந்திருக்கிறார்கள் போலும். அந்தக் கடைசி மணி நேரம் உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் பல பிரதிகளாக இருக்கிறது. எனக்கு அதைவிட மதிப்புள்ளதாகத் தோன்றியது, பையன் பொத்தானை நிறுத்த மறந்து எங்கோ போய்விட்டதால் முழுதாகப் பதிவான ஒரு சாதாரணப் பிற்பகல்: நேர அறிவிப்பு, வானிலை, டல்லஸ் நகரத்தின் பாம்ஸ் நிறுவனம் பாடிக் கொடுத்த ஜிங்கிள்கள் (நிலையத்தின் பெயரைப் பாடும் சிறு துணுக்குகள்), சலவைத்தூள் விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்துகள், மீண்டும் நேர அறிவிப்பு. நிலையம் எந்த வேகத்தில் மூச்சுவிட்டது என்பது அதில்தான் தெரிகிறது. பட்டியலில் அதற்கே முதல் இடம் கொடுத்தேன்.

ஒப்படைப்பதில் உரிமைச் சிக்கல் எழுந்தது. பிரிட்டனில் இசைத்தட்டுப் பதிவுகளின் உரிமைக்காலம் 2013இல் 70 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. எனவே 1964 முதல் 1967 வரையிலான தட்டுகள் இன்னும் உரிமையாளர்களுக்கே உரியவை. காப்பகத்தின் அலுவலர் முழுப் பதிவையும் ஆய்வாளர்கள் வந்து கேட்பதற்காக ஏற்றுக்கொண்டார். பொதுவில் பகிரும் பிரதியில் பாட்டுகளின் முதலும் முடிவும் மட்டும் இருக்க வேண்டும் என்றார். ஐம்பத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முன் பேச்சை வெட்டி எறிந்து பாட்டை வைத்துக்கொண்டார்கள். இப்போது நான் பாட்டை வெட்டிப் பேச்சை வைத்தேன். இதில் எது குறைந்த இழப்பு என்று கேட்டால், தயக்கமின்றி இரண்டாவதையே சொல்வேன், ஏனெனில் பாட்டு வேறு இடத்தில் கிடைக்கும்.

காப்பகம் தந்த படிவத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் எங்கே பதிந்தது, எந்த வானொலிப் பெட்டி, என்ன ஏரியல் என்ற கேள்விகள் இருந்தன. இதற்காக முதியவருடன் உட்கார்ந்தேன். ஜன்னலிலிருந்து வேலிக்கம்பம் வரை கட்டியிருந்த கம்பியைப் பற்றியும், அது காற்றில் அறுந்ததைப் பற்றியும் துல்லியமாகச் சொன்னார். ஆண்டுகள் அவருக்கு நினைவில்லை. மூலச் சுருள்களையும் காப்பகமே வாங்கிக்கொண்டது, நல்லவேளையாக. நாளை இதைவிட மேலான முறையில் படிக்க வேண்டி வந்தால் நாடாதான் வேண்டும், என் கோப்பு போதாது. நாள் குறிக்க முடியாமல் போன சுருள்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றின் எதிரே, என்னால் முடிந்தவரை குறுக்கி, "தென்பகுதிக் கரோலைன், 259 மீட்டர் அறிவிப்பு, 1966–67 குளிர்காலம், வேலை நாள், மாலை நான்கரைக்கும் ஐந்தரைக்கும் இடையே" என்று எழுதிக் கொடுத்தேன்.