மேல்பிரிவுச் சைக்கிளோட்டத்தில் கூட்டத்தின் வால் ஏன் அறுந்துபோகிறது

ஆரம்பப் பிரிவுச் சைக்கிளோட்டப் போட்டிகளில் இரண்டு மூன்று முறை பரிசு மேடை ஏறியவர், அதற்கு மேலுள்ள திறந்த பிரிவுக்குப் போனால், பெரும்பாலும் முதல் அரை மணித்தியாலத்திலேயே கூட்டத்தை விட்டுவிடுகிறார். கேட்டால் "கால் காணாது" என்பார். அவர் மிதிக்கும் வலுவை வாட்டில் அளந்து பதியும் பவர் மீட்டரைத் திறந்து பார்த்தால் வேறு கதை தெரியும். விடுபடும்வரை அவர் செலவழித்த சராசரி வாட் அளவு, வார இறுதியில் பத்தரமுல்லைப் பக்கம் சிரித்துப் பேசிக்கொண்டு ஓட்டுகிற அளவைவிடப் பெரிதாகக் கூடியிருக்காது. ஆளை முறிப்பது சராசரி அல்ல, அதற்குள் ஒளிந்திருக்கும் நூறு சின்னச் சின்ன வெடிப்புகள்.

வேகத்தையே பார்ப்போம். காற்றுத் தடையை வெல்ல வேண்டிய வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். 36 கி.மீ வேகத்தில் தனியாகப் போகிறவர் 40க்கு ஏற, காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 37 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தனியே நின்றால் இது யாரையும் கொல்லும். ஆனால் ஒருவருடைய பின்சில்லை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சம். அப்படியென்றால் கூட்டத்துக்குள் 40 என்பது தாங்கக்கூடிய வேகம்தான். பிறகு எங்கே கழன்றுபோகிறது?

வளைவில். சுற்றுப்பாதையில் ஒரு செங்கோணத் திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் 45 கி.மீ வேகத்தில் வருகிறது. முன்னால் ஐந்தாவதாக வருபவர் நல்ல கோடு பிடித்து 34இல் திரும்பிவிடுகிறார். நாற்பதாவதாக வருபவருக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடிப்பதால் அவர் 20க்கு இறங்குகிறார். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்றால், மீண்டும் 45ஐ எட்ட முன்னவருக்கு ஏறத்தாழ 2,700 ஜூல் போதும், பின்னவருக்கு 5,000. முன்னவர் அதை 10 செக்கனில் ஆறுதலாகச் செய்யலாம், 270 வாட். பின்னவர் நீண்டுகொண்டே போகும் வாலைப் பிடிக்க 8 செக்கனில் செய்தாக வேண்டும், 625 வாட்டுக்கு மேல். காற்றுத் தடைக்கான கணக்கு இதற்கு மேலே தனி. ஒரு சுற்றில் நான்கு திருப்பம், இருபது சுற்று என்றால் இதை எண்பது தடவை செய்ய வேண்டும். ஒரே போட்டியில், ஒரே சராசரி வேகத்தில், இருவரும் ஓடுவது இரண்டு வேறு போட்டிகள்.

இதை இன்னும் மோசமாக்குவது கியர். முன்னால் 52 பல், பின்னால் 14 பல் போட்டுக்கொண்டு 42 கி.மீ போகும்போது பெடல் நிமிடத்துக்கு 90 சுற்று. அதே கியரில் 20க்கு இறங்கிவிட்டு எழும்ப முயன்றால் 43 சுற்று. முழங்கால்தான் வாங்கிக் கட்டும். திருப்பத்துக்குள் போக முன்னரே, பிரேக் பிடிக்கும் அதே நேரத்தில், பின்னால் மூன்று தட்டுத் தட்டி 19க்கு வந்துவிட்டால் 58இல் தொடங்கலாம். இறுக்கி மிதித்துக்கொண்டே மாற்றப் போனால் செயின் தாவும், சில வேளை கழன்றே விடும். புதிதாக வருபவர்கள் அடுத்தவர் பின்னால் சரியாகப் போவதை வேகமாகப் பழகிவிடுகிறார்கள். இந்தக் கியர் பழக்கம்தான் கடைசியாக வருகிறது.

ஆகவே முதல் பதினைந்து பேருக்குள் நிற்பது பகட்டுக்காக அல்ல, கணக்குக்காக. ஆனால் அங்கே இடம் சும்மா கிடைக்காது. நம் நாட்டுத் திறந்த பிரிவில் முப்படை அணிகளின் ஓட்டவீரர்களோடு மோத வேண்டும். ஒன்றாகவே பயிற்சி எடுப்பவர்கள், ஒருவர் பின்சில்லை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள், 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் போவார்கள். நீங்கள் ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் அதை யாரோ உங்களுக்காக வைத்திருப்பதாக நினைக்காதீர்கள், அடுத்த நொடி அங்கே இன்னொருவர் இருப்பார். முன்னேறுவதற்கு நல்ல நேரம், கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்து ஓடியவர் பிடிபட்டவுடன் எல்லோரும் பெடலை விட்டு ஒருவரையொருவர் பார்க்கும் அந்தச் சில செக்கன்கள். கெட்ட நேரம், திருப்பத்துக்கு ஐம்பது மீற்றர் இருக்கும்போது உட்புறமாக நுழைவது. விழுத்தினால் பெயர் நிலைக்கும்.

கொழும்பு இதற்கு ஆளைத் தயார்ப்படுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடிய ஐந்து மணிக்கு மரைன் டிரைவ், தியவன்னா ஓயாவைச் சுற்றி, பிறகு சுதந்திர சதுக்கம், ஆறரைக்குப் பிறகு வான்களும் ஸ்கூல் பஸ்களும் வீதியைப் பிடித்துவிடும். தட்டையான நிலம், ஒரே சீரான வேகம், இரட்டை வரிசை. அந்தக் குழு ஓட்டங்களில் முன்னால் நின்று நெடுநேரம் இழுப்பவருக்குத்தான் மதிப்பு. போட்டியில் அதே பழக்கத்தோடு முன்னால் போய் நின்றால், பின்னால் நாற்பது பேருக்கு அன்னதானம் செய்கிறீர்கள், அவ்வளவுதான். முன்பகுதியில் நிற்பது வேறு, முகப்பில் நின்று காற்றை வாங்குவது வேறு. இழுக்க நேர்ந்தால் 15 அல்லது 20 செக்கன், பிறகு விலகிவிடுங்கள்.

காற்றுப் பாடத்தை மட்டும் மரைன் டிரைவிலேயே படிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் போனால் காற்று வலது முன்புறத்திலிருந்து அடிக்கும். அப்போது மறைவு நேர்பின்னால் இல்லை, சற்று இடது பின்புறத்தில் இருக்கிறது. இடப்பக்கம் இடம் இருக்கும்வரை ஆட்கள் சாய்வாக அடுக்கி நிற்கலாம். முன்னால் போகிறவர் வேண்டுமென்றே வீதியின் இடது ஓரத்தை ஒட்டிப் போனால், பின்னால் இருப்பவர்களுக்கு மறைவே கிடையாது. வடிகால் மூடிக்கு மேலே ஒற்றை வரிசையில் எல்லோரும் தனித்தனியே காற்றைத் தின்ன வேண்டும். அனுபவமுள்ள அணி ஒரு கூட்டத்தை உடைப்பது இப்படித்தான். காற்றுப் பக்கம் திரும்பும் வளைவு வருமுன்னமே முன்னால் வந்துவிட வேண்டும். வந்த பிறகு ஓடிப் பிடிப்பது நடக்காது.

பயிற்சியிலும் அந்த வெடிப்புகளைத்தான் பழக வேண்டும். 20 நிமிட முழுமூச்சுச் சோதனை செய்து, வரும் சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்கினால் உங்கள் எல்லை வலு, அதாவது ஒரு மணித்தியாலம் அளவுக்குத் தாங்கக்கூடிய வாட், ஏறத்தாழத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் 30 செக்கன் பலமாக, 15 செக்கன் இலகுவாக, இப்படி 13 தடவை. 3 நிமிடம் ஓய்வு. மொத்தம் 3 தொகுதி. முதல் தொகுதியிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் மூன்றாவது வராது, மூன்றாவதுதான் இங்கே பயன். இன்னொரு நாள் 20 கி.மீ வேகத்துக்கு இறங்கி, சீட்டை விட்டெழும்பி, 10 செக்கன் முழுவேகம், எட்டுத் தடவை, இடையில் இரண்டு மூன்று நிமிடம். வெள்ளவத்தை அனெக்ஸில், சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்டவிடும் ட்ரெயினர் கருவி வைத்துச் செய்பவர்கள் ஒரு மேசை மின்விசிறியை நம்ப வேண்டாம். இரண்டு பெரியவை வேண்டும், ஒன்று நெஞ்சுக்கு நேரே. இல்லாவிட்டால் இதயத்துடிப்புத்தான் ஏறும், வாட் இறங்கும், நீங்கள் பலவீனம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மலை என்றால் கொழும்பை விட்டுப் போகத்தான் வேண்டும்: ஏ1இல் கடுகண்ணாவ, அல்லது ஏ7இல் கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம். தட்டை நிலத்தில் 78 கிலோ ஆளின் பருத்த தொடை வெல்லும். 6 சதவீத ஏற்றத்தில் 14 கி.மீ வேகம் பிடிக்க அவருக்கு ஏறத்தாழ 240 வாட் வேண்டும், 62 கிலோக்காரருக்கு 200 போதும். சைக்கிளில் அரைக் கிலோ குறைக்க இலட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த 40 வாட்டைக் கொஞ்சம் யோசிக்கலாம். பாரமானவர் ஏற்றத்தின் அடியில் கூட்டத்தின் முன்னால் இருந்து, ஏற ஏறப் பத்துப் பதினைந்து இடம் வழுகி, உச்சியில் வாலிலாவது ஒட்டிக்கொண்டால் அதுவே வெற்றி. 36க்குப் பதில் 34 பல் உள்ள முன் பல்சக்கரம் போட வெட்கப்படவும் வேண்டாம்.

இறக்கத்தில் ஒன்று. சீட்டை விட்டு அதற்கு முன்னாலுள்ள மேல்தண்டில் குந்திக் குனிந்து இறங்குவதைச் சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் 2021 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. குழு ஓட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், நடுவர் மோட்டார்சைக்கிளில் பின்னால் வரும் போட்டியில் கேட்பார்கள்.

சாப்பாடு. ஒரு மணித்தியால ஆரம்பப் பிரிவுப் போட்டியைக் காலைத் தேத்தண்ணியோடு முடித்துவிடலாம். மூன்று மணித்தியாலப் போட்டியை முடியாது. மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து குறைந்தபட்சம். 750 மி.லீ. போத்தலில் 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். உப்பு ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் தரும். வெறும் சீனிதானா என்று முகம் சுளிக்க வேண்டாம், அதில் குளுக்கோசும் பிரக்டோசும் பாதிப் பாதி, குடல் இரண்டையும் வேறுவேறு வழியால் உறிஞ்சும். சீனியைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்தால் வயிறு உப்பிப் பிரட்டும். ஜீவனி போன்ற உயிர்நீர்க் கரைசல் வயிற்றோட்டத்துக்கானது. அதன் வழமையான கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கால்களுக்கு அது எட்டாது. செவ்விளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு, அதைப் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குடிப்பது என்பதற்குத் தராசு போதும்: ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவையும் ஒரு லீற்றர் வியர்வையாகக் கணக்கிடுங்கள், குடித்ததையும் கூட்டுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் போவது புதினமில்லை.

சைக்கிளில் கடற்காற்றுதான் எதிரி. மரைன் டிரைவில் ஓட்டுபவரின் செயின் உப்பால் வெகு சீக்கிரம் தேயும். அடிமட்டத்தின் தொடக்கத்தைச் செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றின் நடுவில் வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்தில் விழ வேண்டிய ஊசி பதினாறில் ஒரு அங்குலம் தாண்டி விழுந்தால் செயினை மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரமும் தேயும், பிறகு புதுச் செயின் போட்டும் சரியாக முழு வலுவோடு எழும்பும் நொடியில் தாவும். மழை நாளில் டயர்க் காற்றை 5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை குறையுங்கள், மஞ்சள் கடவைப் பூச்சிலும் இரும்பு மூடிகளிலும் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். மாற்றுச் சில்லு வாகனம் உள்ள போட்டி என்றால், உங்கள் சொந்தச் சில்லை இலக்கம் ஒட்டிக் கொடுத்து வையுங்கள். டிஸ்க் பிரேக்கா, பதினொரு கியரா பன்னிரண்டா என்பதெல்லாம் வீதியோரத்தில் கேட்கும் கேள்விகள் அல்ல.

முதல் சில போட்டிகளில் அறுந்துபோவீர்கள், அதற்கும் ஆயத்தம் வேண்டும். விடுபட்டவுடன் தனியே துரத்தாமல் பின்னால் வரும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாறிமாறி இழுங்கள். கடைசி வாகனம் உங்களைக் கடந்துவிட்டால் வீதி திறந்துவிடும். அதன் பிறகு ஹைலெவல் வீதியில் 138 பஸ்ஸுக்கு நீங்கள் போட்டியாளர் இல்லை, வழியை மறிக்கும் ஒரு சைக்கிள்காரர். இலக்கத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்து, ஓரமாக வாருங்கள். பின்பையில் போனும் ஆயிரம் ரூபாய்த் தாளும் ஒரு டியூபும் இருக்கட்டும்.