பெல்ஃபாஸ்ட் நாட்குறிப்பு: சுவருக்கு இருபுறத்துச் சபைகள்

18 ஜனவரி 2024, வியாழன்

இன்று வட அயர்லாந்து முழுவதும் அரசுப் பணியாளர்களின் வேலைநிறுத்தம் நடந்தது. பதினாறு சங்கங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,50,000 பேர் கலந்துகொண்டார்கள் என்கிறார்கள். செவிலியரான என் மனைவியும் காலையில் மருத்துவமனை வாசலில் பதாகையோடு நின்றுவிட்டு வந்தாள். சாலையில் உப்புத் தூவுவோரும் பணிக்கு வராததால், உறைந்து கிடந்த தெருக்களில் நடப்பதே பெரும் பாடாகிவிட்டது.

கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரமும் இன்றுதான் தொடங்குகிறது. இவ்வாண்டுக்கான வழிபாட்டுப் பொருளைப் புர்கினா ஃபாசோ நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆயத்தம் செய்திருக்கிறார்கள்: லூக்கா பத்தாம் அதிகாரம், நல்ல சமாரியன். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் வருகிற அந்தப் பகுதியை இந்த ஊரில் வாசிக்கச் சபைகளுக்குச் சற்றுத் துணிவு வேண்டும். அயர்லாந்தோடு இணைய விரும்பிய தேசியவாதிகளும் (பெரும்பாலும் கத்தோலிக்கர்) பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்களும் (பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள்) மோதிய, 1960களின் இறுதியில் தொடங்கி 1998 வரை நீடித்த கலவரக் காலத்தில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சபைத் தலைவர்களின் கண்டன அறிக்கைகள் கூட்டாகவும் வெளிவந்தன. ஆனால் துக்க வீட்டுக்குப் பெரும்பாலும் அவரவர் போதகரே போனார்.

21 ஜனவரி, ஞாயிறு

ஃபால்ஸ் சாலைக்கு அருகிலுள்ள கிளொனார்ட் மடத்திலிருந்து ஞாயிறு தோறும் சிலர் ஏதேனும் ஒரு புராட்டஸ்டண்ட் சபையின் காலை ஆராதனைக்குப் போவது வழக்கம் என்று கேள்விப்பட்டு, இன்று அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஒன்றிப்புத் திருப்பயணிகள் என்று பெயர். மீட்பர் சபைத் துறவியான தந்தை ஜெர்ரி ரெனால்ட்ஸ் 1994இல் தொடங்கிவைத்தது. அவர் 2015இல் காலமான பின்பும் தொடர்கிறது. இவர்கள் மேடையேறுவதில்லை, பேசுவதுமில்லை. பின்வரிசையில் அமர்ந்து, மற்றவர்களோடு பாடி, பிறகு தேநீர் அருந்திவிட்டு, தங்கள் திருப்பலிக்குத் திரும்புகிறார்கள்.

நாகர்கோவிலில் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்த எனக்கு, அடுத்த தெருக் கத்தோலிக்கரின் ஆலயத் திருவிழாவுக்குப் போவது சாதாரணம். பெண் கொடுப்பது எடுப்பது என்று வரும்போதுதான் பேச்சு இழுபறியாகும். அந்தக் கண்ணோடு பார்த்ததால், ஒரு பெஞ்சில் போய் உட்கார்வதற்கா இத்தனை பெயர் என்று முதலில் தோன்றியது. மடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாம்பே தெரு 1969 ஆகஸ்டில் எரிக்கப்பட்டதையும், அதன் வீடுகளுக்குப் பின்னால் இரு தரப்பாரையும் பிரித்து இன்றும் நிற்கும் உயர்ந்த சுவரையும், இரவானால் பூட்டப்படும் லானார்க் வே கதவையும் பார்த்த பிறகு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. இதே மடத்தின் நிலவறையில்தான் 1941இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஷாங்கில் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளும் ஃபால்ஸ் பக்கத்துக் கத்தோலிக்கரும் ஒன்றாகப் பதுங்கியிருந்தார்கள்.

மாலையிலிருந்து ஈஷா புயல். ஓடு பறக்கிற காற்று.

24 ஜனவரி, புதன்

ஞாயிறன்று என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியார் வீட்டுக்கு அழைத்திருந்தார். பேச்சு முழுவதும் பழைய துக்க வீடுகளைப் பற்றியே சென்றது. 1982இல் ஸ்பிரிங்ஃபீல்டு சாலையில் கார்னர்ஸ்டோன் என்ற சிறு கூட்டுச் சமூகம் உருவானது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செபித்து வாழ்ந்த வீடு அது. அதிலிருந்த மெதடிஸ்ட் போதகர் சாம் பர்ச்சும் தந்தை ரெனால்ட்ஸும், கொல்லப்பட்டவர் எந்தத் தரப்பினராயினும், அந்தக் குடும்பத்தைப் பார்க்க இருவருமாகவே போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஆயுதக்குழுவான ஐஆர்ஏ சுட்டுக்கொன்றவரின் வீட்டுக்குள் ஒரு கத்தோலிக்கக் குருவும், எதிர்த்தரப்பு ஆயுதக்குழு கொன்றவரின் வீட்டுக்குள் ஒரு புராட்டஸ்டண்ட் போதகரும் நுழைவது என்றால், அந்த வீட்டார் முகத்தில் முதலில் எது தெரிந்திருக்கும்? “சில வீடுகளில் உட்காரச் சொல்லவே நேரம் பிடித்ததாம், ஆனாலும் இரண்டாம் முறையும் போனார்கள்” என்றார் மூதாட்டியார்.

எனக்கு இந்த இரண்டாம் முறைதான் முக்கியமாகப் படுகிறது. ஆறுதல் சொல்ல ஒருமுறை எவரும் வரலாம். பத்திரிகைக்காரர்கள் போன பிறகு, கேட்டதையே மறுபடியும் கேட்பதற்காக வருகிறவரிடம்தான் துக்கம் பேசத் தொடங்குகிறது.

கிளொனார்ட் மடத்துத் தந்தை அலெக் ரீட் 1988 மார்ச்சில், கூட்டத்தினர் அடித்து இழுத்துச் சென்று, பின் ஐஆர்ஏ சுட்டுக்கொன்ற இரு பிரிட்டிஷ் படைவீரர்களில் ஒருவரின் அருகே மண்டியிட்டிருந்த படம் உலகறிந்தது. ஐஆர்ஏவோடு தொடர்புடைய சின் ஃபெயின் கட்சியின் தலைமை, மிதவாதத் தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூமுக்கு எழுதிய சமாதான யோசனைகள் அடங்கிய உறை அப்போது தந்தை ரீடிடம் இருந்தது. 2005இல் ஐஆர்ஏவின் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதற்குச் சாட்சிகளாக நின்ற இருவர் அவரும் மெதடிஸ்ட் போதகர் ஹெரால்டு குட்டும். நாடறிந்த இச்செய்திகளை மூதாட்டியார் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டு, மறுபடியும் துக்க வீடுகளுக்கே திரும்பினார்.

29 ஜனவரி, திங்கள்

ஃபோர்த்ஸ்பிரிங் மையத்துக்குப் போனேன். 1997இல் ஸ்பிரிங்ஃபீல்டு சாலை மெதடிஸ்ட் சபையும், கார்னர்ஸ்டோனும், அக்கம்பக்கத்து அமைப்புகளும் கூடித் தொடங்கியது. சுவரோரமாகவே இருக்கும் ஆலய வளாகத்தில் இயங்குகிறது. இருபுறத்துப் பிள்ளைகளும் பள்ளி விட்டு வந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் தத்தம் கதையைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆலயத்தை ஆலயமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் இருபுறத்தாருக்கும் திறந்துவிட்ட அந்தச் சிறிய சபையை மதிக்கிறேன்.

எதிர்ப்பும் இருந்தது. இயன் பெய்ஸ்லியின் ஃப்ரீ பிரஸ்பிட்டேரியன் சபை, கத்தோலிக்கரோடு சேர்ந்து வழிபடுவதையே விசுவாசத் துரோகமாகக் கருதியது. அந்தக் காலத்தில், 1981இல், கிளொனார்ட் மடத்தாரும் ஃபிட்ஸ்ராய் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் கூடித் திருமறை வாசிக்கத் தொடங்கினார்கள். 1999இல் கத்தோலிக்க அமைதி இயக்கமான பாக்ஸ் கிறிஸ்டியின் அமைதி விருது அவர்களுக்குக் கிடைத்தது. விருதுக்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் அவர்கள் கேட்ட ஏச்சுகளை எவரும் தொகுத்து வைத்திருந்தால் வாசிக்க ஆவல்.

3 பிப்ரவரி, சனி

இரண்டாண்டு முடங்கிக் கிடந்த வட அயர்லாந்தின் ஸ்டோர்மான்ட் சட்டமன்றம் இன்று மீண்டும் கூடி, மிஷெல் ஓ’நீலை முதலமைச்சராக ஏற்றது. அயர்லாந்து தேசியவாதத் தரப்பிலிருந்து அப்பதவிக்கு வரும் முதல் நபர் அவர். மகிழ்ச்சிதான். ஆனால் சமாதானச் சுவர்களை 2023க்குள் அகற்றுவோம் என்று 2013இல் வாக்குறுதி தந்ததும் இதே அரசுதான். சுவர்கள் அப்படியே நிற்கின்றன. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கென்றே நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிகளில் பத்தில் ஒரு பிள்ளைகூடப் படிப்பதில்லை. இதில் சபைகளுக்கும் பங்கு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை தன் பள்ளிகளை விட்டுக்கொடுக்க விரும்பியதில்லை. ஞாயிறன்று பெஞ்சைப் பகிர்கிறவர்கள் திங்கள் காலை வகுப்பறையைப் பகிர்வதில்லை. இதை மூதாட்டியாரிடம் சொன்னேன். “அது எங்கள் தலைமுறை செய்யத் தவறியது, தம்பி” என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவர் ஆங்கிலத்தில் ‘தம்பி’ இல்லை, குரலில் இருந்தது.

6 பிப்ரவரி, செவ்வாய்

நான்கு மூலைகள் விழா நடந்துகொண்டிருக்கிறது. தந்தை மார்ட்டின் மகில், போதகர் ஸ்டீவ் ஸ்டாக்மன் ஆகிய இருவரும் தொடங்கியது. நகரத்தின் ஒரு மூலையில் வாழ்கிறவர்களை மறுமூலைக்கு வரவழைப்பதே நோக்கம். இதே மகில்தான், 2019இல் சுட்டுக்கொல்லப்பட்ட பத்திரிகையாளர் லைரா மெக்கீயின் அடக்க ஆராதனையில், கட்சித் தலைவர்களை முன்வரிசையில் வைத்துக்கொண்டே, இவர்களை ஒன்றாகக் கூட்ட ஓர் இளம்பெண்ணின் சாவு தேவைப்பட்டதா என்று கேட்டவர்.

விழாவுக்கு இளையோர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வருவதில்லை. அன்று என்னோடு வந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள், ஒருவருக்குக் கண்பார்வை மங்கி வருவதால் இனி கார் ஓட்ட முடியாது என்கிறார். வருகிற ஞாயிறு கிழக்கு பெல்ஃபாஸ்டில் ஒரு சபைக்குப் போவதாக ஏற்பாடு. அழைத்துப்போக ஆள் தேடினார்கள். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.